செவலை கடிக்கவில்லை

இதை எழுதலாமா வேண்டாமா என்று யோசித்தே என் வயதில் பாதி போய்விட்டது. ஒவ்வொரு தை மாதமும் எங்கள் ஊர்க் கோயிலில் ஆடுமாடுகளை மந்திரிக்கிற வனத்து அந்தோணியார் பொங்கல் வரும்போது, இந்த வருடம் எழுதிவிட வேண்டும் என்று நினைப்பேன். பொங்கல் பானையைக் கழுவிக் கவிழ்க்கும்போது அந்த நினைப்பையும் சேர்த்துக் கவிழ்த்துவிடுவேன். நான் பத்தாவது வரை படித்தவள். அல்லிநகரத்தில் வீட்டைப் பார்த்துக்கொண்டு, காலையும் மாலையும் செபமாலை சொல்லிக்கொண்டு இருக்கிறவள். எழுத்து எனக்குப் பழக்கமில்லை. அதைவிடப் பெரிய தயக்கம் ஒன்று இருந்தது. இது என் அத்தைக்கு நடந்தது. அவளிடம் கேட்காமல் எழுதக் கூடாது. கேட்பதற்கு எனக்கு வாய் வரவில்லை.

போன பொங்கலுக்கு எங்கள் ஊர்ப் பங்கின் வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் ஒரு செய்தி போட்டார். 'நம் ஊரில் நடந்த உண்மைப் புதுமை' என்று தலைப்பு. புதுமை என்றால் எங்கள் கோயில் பேச்சில் அற்புதம். யாருக்கும் அடங்காத முரட்டுக் குதிரை ஒன்று, பங்குச் சாமியார் தீர்த்தம் தெளித்ததும் அந்தோணியார் சுரூபத்துக்கு முன்னால் முன்னங்கால்களை மடக்கி மண்டியிட்டதாம். அன்றைக்கே இரண்டு மூட்டை சுமந்து மலையேறியதாம். கீழே கைகூப்பிய படங்கள் வரிசையாக வந்துகொண்டே இருந்தன.

அது எங்கள் வீட்டுக் குதிரை. அது மண்டியிடவில்லை. மூட்டையும் சுமக்கவில்லை.

ஊருக்குப் போயிருந்தபோது அத்தையிடம் அதை வாசித்துக் காட்டினேன். பல் இல்லாத வாயால் நன்றாகச் சிரித்தாள். "நீயே எழுது ஆத்தா. நடந்தத எழுது. நடக்காதத எழுதாத" என்றாள். ரவிக்கைக் கையைத் தடவிக்கொண்டே, "கையப் பத்தியும் எழுதிக்கோ. இனிமே எனக்கென்ன" என்றாள். அதனால் எழுதுகிறேன்.

எங்கள் ஊர் போடிக்கு மேற்கே, மலை தொடங்குகிற இடத்தில் இருக்கிறது. மேலே ரோடு போகாத சின்னச் சின்ன ஊர்கள் இன்றைக்கும் உண்டு. அங்கே அரிசியும் பருப்பும் குதிரை முதுகில்தான் ஏறும். காப்பிக்கொட்டையும் இலவம்பஞ்சும் குதிரை முதுகில்தான் இறங்கும். அப்பாவுக்கு அதுதான் தொழில். நான் நாலாவது படித்த வருடம் எங்கள் வயதான ஆண்குதிரைக்குக் கால் வீங்கிப்போனது. காப்பி பறிக்கும் காலம் வேறு நெருங்கிவிட்டது. பண்ணைப்புரம் பக்கம் ஒருவர் ஜீப் வாங்கிவிட்டு, வைத்திருந்த குதிரைகளைத் தள்ளிவிடுகிறார் என்று கேள்விப்பட்டு அப்பா போய் ஒரு பெண்குதிரையைப் பிடித்து வந்தார். நல்ல சிவப்பு நிறம். நெற்றியில் அரிசிமாவைத் தொட்டு வைத்தாற்போல ஒரு வெள்ளை. செவலை என்று நான்தான் பேர் வைத்தேன்.

பார்க்க அத்தனை அழகு. ஆனால் யாராவது கையைத் தூக்கினால் போதும், கயிறு விறைக்கும்வரை பின்னால் போய் நிற்கும். கண்ணில் வெள்ளை மட்டும் தெரியும். அம்மா கொடியில் துணி காயப்போடக் கை உயர்த்தினால்கூட அப்படித்தான். சேணத்தைக் கொண்டுவந்தால் முளைக்குச்சியையே பிடுங்கிவிடும். அப்பா கெட்ட மனுஷர் இல்லை. ஆனால் மலையில் பறித்த காப்பி மூட்டை மூட்டையாகக் காத்துக் கிடக்கும்போது அவருக்குப் பொறுமை இல்லை. சத்தம் போடுவார். புளியங்குச்சியை ஒடித்துக்கொண்டு வருவார். குச்சியைப் பார்த்ததும் அது இன்னும் மிரளும். அது மிரள மிரள இவருக்குக் கோபம் ஏறும்.

ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டே சொன்னார்: "வனத்து அந்தோணியார் பொங்கலுக்குக் கோயில் வாசல்ல வச்சு மந்திரிச்சு, அங்கனயே பொதிய ஏத்திப் பாப்போம். அதுக்கும் மசியலையா, தரகன் வந்து புடிச்சுட்டுப் போகட்டும்."

"எங்கிட்டுப்பா கூட்டிட்டுப் போவாக?" என்று கேட்டேன்.

அப்பா மோரை ஊற்றிப் பிசைந்தார். அம்மாதான், "ஆகாத குதிரைய எங்கிட்டுக் கொண்டுபோவாக? பேசாம சாப்பிடு" என்றாள். அறுக்கத்தான் என்று அந்தப் பேச்சிலேயே எனக்குப் புரிந்துவிட்டது. அன்றைக்குத் தட்டில் பாதிச் சோறு மிச்சம்.

அந்தச் சமயத்தில்தான் அத்தை வந்தாள். அப்பாவின் ஒரே தங்கை. ஆண்டிபட்டியில் ஜவுளிக்கடை வைத்திருந்தவருக்குக் கட்டிக் கொடுத்து சில வருடங்கள் ஆகியிருந்தன. பிள்ளை இல்லை. கிறிஸ்மஸுக்கு வந்தாள், ஒரே ஒரு பையோடு. கிறிஸ்மஸ் முடிந்தது, மூன்று ராசாக்கள் திருநாளும் முடிந்தது, அத்தை கிளம்பவில்லை. அம்மா அடுப்பைப் பார்த்துக்கொண்டே, "கூட்டிட்டுப் போக அவுக எப்ப வாராக?" என்று கேட்பாள். "வருவாக மதினி" என்பாள் அத்தை. அவ்வளவுதான் பேச்சு.

எனக்கு அவளிடம் பிடித்தது அவள் போட்டிருந்த ரவிக்கை. மணிக்கட்டுவரை கை வைத்து இழுத்துத் தைத்தது. கிணற்றில் தண்ணீர் இறைக்கும்போதும் மடித்துவிட மாட்டாள். ஆண்டிபட்டியில் இப்போது இதுதான் ஃபேஷன் போலிருக்கிறது என்று நினைத்து, எனக்கும் அதேபோல் கவுன் தைத்துக் கொடு என்று அம்மாவை நச்சரித்து முதுகில் ஒன்று வாங்கினேன்.

அத்தை குதிரை வீட்டில் பிறந்தவள். ஆனாலும் வந்த புதிதில் செவலை பக்கம் போகவே இல்லை. பிறகு ஒருநாள் முறத்தில் அரிசியை எடுத்துக்கொண்டு போய், கொட்டகையில் கவிழ்த்துப் போட்டிருந்த அண்டாவின்மேல் உட்கார்ந்தாள். குதிரைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து கல் பொறுக்கினாள். வாய் செபமாலை சொல்லிக்கொண்டிருந்தது. மறுநாளும் அப்படியே. அதற்கு மறுநாளும் அப்படியே. நான் என் வாழ்நாளில் சொன்னதைவிட அதிகமான 'அருள் நிறைந்த மரியே'யை அந்தக் குதிரை ஒரே வாரத்தில் கேட்டிருக்கும். முதலில் அதன் காது மட்டும் இவள் பக்கம் திரும்பியது. பிறகு கழுத்து திரும்பியது. ஒரு காலையில் நடந்து வந்து, அவள் கொண்டையை மோந்து பார்த்துவிட்டு, தும்மியது. அரிசியெல்லாம் சிதறியது. அத்தை திரும்பவே இல்லை. தோள் குலுங்கச் சிரித்தாள். வந்ததிலிருந்து அவள் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

அப்பா அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் சீண்டுவார்.

"என்ன புள்ள, குதிரைக்குத் தாலாட்டா? தொட்டில் கட்டித் தரவா?"

"நீங்க கை ஓங்காம இருங்கண்ணே, அது போதும்."

"நான் எங்க ஓங்குனேன்? கொசு அடிச்சேன்."

"கொசுவையும் மெதுவா அடிங்க."

வேகவைத்த கொள்ளை உள்ளங்கையில் விரித்து நீட்டுவாள். அது வரும்வரை கை அப்படியே நிற்கும். "ம்ம், வா வா" என்று கூப்பிட மாட்டாள். தேங்காய் நாரால் தேய்த்துவிடுவாள். குளம்பில் சிக்கிய சரளைக்கல்லை எடுப்பாள். கால் தூக்க அதற்கு இஷ்டமில்லை என்றால், "வேணாமா? சரி ஆத்தா, வேணாம்" என்று விட்டுவிட்டு எழுந்து போய்விடுவாள். கொஞ்ச நேரம் கழித்து வந்தால் அதுவே காலை இளக்கிக் கொடுக்கும். தேய்க்கும்போதுதான் பார்த்தாள், முதுகு மேட்டில் முடிக்கு அடியில் பழைய சேணம் அறுத்த புண்கள். வேப்பெண்ணெயில் மஞ்சள் குழைத்துப் போட்டுக்கொண்டே அப்பாவிடம் சொன்னாள்:

"சேணம்னா வலின்னு இருந்திருக்குண்ணே இதுக்கு. வலிக்குதுன்னு வாயால சொல்லவா முடியும்?"

அப்பா அன்றைக்குக் கேலி செய்யவில்லை. புளியங்குச்சியை அடுப்பில் வைத்தார். ஆனால் கெடுவை மாற்றவில்லை. பொங்கலுக்குத் தரகரை வரச் சொல்லியிருந்தார்.

அத்தை பழைய சாக்குக்குள் வைக்கோலைத் திணித்து, சேணத்துக்கு அடியில் போடப் புது மெத்தை தைத்தாள். அதைச் செவலைக்கு மோந்து பார்க்கக் கொடுத்தாள். முதுகில் வைத்தாள். அது உடம்பைச் சிலிர்ப்பதற்கு முன்னாலேயே எடுத்தாள். வைத்தாள், எடுத்தாள். பொங்கலுக்குச் சில நாள் இருக்கும்போது செவலை வெறும் சேணத்தோடு நிற்கக் கற்றுக்கொண்டது. இன்னும் மூட்டைதான் பாக்கி. எனக்கு நம்பிக்கை வந்துவிட்டது.

அப்போதுதான் நான் அதைப் பார்த்தேன். வாய்க்காலில் அத்தை செவலையைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தாள். நான் வாளியோடு போனது அவளுக்குத் தெரியாது. ரவிக்கைக் கையைத் தோள்வரை சுருட்டிவிட்டிருந்தாள். மேல்கையில் வரிசையாகக் கறுத்த தழும்புகள். ஒவ்வொன்றும் பிறை மாதிரி வளைந்து இருந்தது.

குதிரை வீட்டுப் பிள்ளைக்குப் பிறை மாதிரித் தழும்பு என்றால் ஒரே அர்த்தம்தான். அப்பாவின் தோளில் ஒன்று இருக்கிறது. சின்ன வயதில் குதிரை கடித்தது. அவர் தோளில் ஏறும்போதெல்லாம் அதைத் தடவிப் பார்த்திருக்கிறேன்.

"செவலை கடிச்சிருச்சா அத்த?"

அத்தை சட்டென்று ரவிக்கையை இறக்கிவிட்டாள். ஈரத்தில் துணி ஒட்டிக்கொண்டு இறங்க மறுத்தது. பிடித்து இழுத்தாள். பிறகு என் முகத்தைப் பார்த்து, "அப்பாகிட்ட சொல்லாத ஆத்தா" என்றாள்.

அவள் செவலையைக் காப்பாற்றத்தான் சொல்கிறாள் என்று எடுத்துக்கொண்டேன். கடிக்கிற குதிரையை அப்பா பொங்கல்வரைகூட வைத்திருக்க மாட்டார். அன்றிலிருந்து நான் அந்தக் கைக்குக் காவல் ஆனேன். அத்தையின் ரவிக்கை கொஞ்சம் ஏறினாலும் இருமுவேன். அவள் மாவாட்டும்போது அப்பா வந்தால் நடுவில் போய் நின்று கணக்கு வாய்ப்பாடு ஒப்பிப்பேன். "இவளுக்கு என்ன வந்துச்சு?" என்று அப்பா அம்மாவைக் கேட்டார். சாயங்காலமானால் கோயிலுக்கு ஓடி, கையில் மணியும் காலடியில் பன்றியுமாக நிற்கிற வனத்து அந்தோணியார் முன்னால் முழங்காலில் இருந்து ஒரே செபம்தான்: அந்தோணியாரே, அத்தையின் கை அப்பாவின் கண்ணில் படக் கூடாது. பட்டுவிட்டால் செவலை போய்விடும். நீர்தானே மிருகங்களுக்குக் காவல்.

பொங்கல் அன்று கோயில் வாசல் முழுக்க ஆடும் மாடும் கோழியும். ஓரமாகப் பானைகள் பொங்கிக்கொண்டிருந்தன. ஒருவர் வான்கோழியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்திருந்தார். தரகர் வேப்பமரத்தடியில் வெற்றிலை மென்றபடி நின்றார். சாமியார் வந்து தீர்த்தம் தெளித்தார். செவலை உடம்பை ஒரு குலுக்குக் குலுக்கியது. ஆனால் அத்தை பக்கத்தில் நின்றதால் இடத்தைவிட்டு நகரவில்லை. சேணத்தை வைத்தார்கள். நின்றது. அப்பா அரிசி மூட்டையைத் தூக்கி மெதுவாக இறக்கினார். அதற்கும் நின்றது. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

கோயிலுக்குப் பின்னால் எந்தப் பையன்களோ சரவெடியைக் கொளுத்தினார்கள்.

செவலை முன்னங்கால்களைத் தூக்கி எழுந்தது. மூட்டை விழுந்து வெடித்து அரிசி கொட்டியது. கயிறு அத்தையின் கையில் சுற்றிக்கொண்டு இழுத்ததில் ரவிக்கை தோளிலிருந்து கிழிந்தது. அப்பா பழக்கத்தில் கையை ஓங்கிக்கொண்டு பாய்ந்தார்.

"அண்ணே, கைய எறக்குங்க!"

அத்தை அப்படிக் கத்தி நான் கேட்டதே இல்லை. அப்பாவும் கேட்டிருக்க மாட்டார். கை தானாக இறங்கிவிட்டது. அத்தை கயிற்றைத் தளர்த்தினாள். செவலைக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்றாள். மூச்சை நீளமாக விட்டாள். "சரி ஆத்தா, வேணாம். வேணாம்." குதிரை நடுங்கிக்கொண்டே ஒரு சுற்றுச் சுற்றியது. பிறகு வந்து அவள் முதுகில் நெற்றியை முட்டி நின்றது.

அப்போது ஒரு பெண் அலறினாள். "அய்யய்யோ, கையப் பாருங்க! கடிச்சுக் கொதறிருக்கு!"

கிழிந்த ரவிக்கைக்கு வெளியே அந்தக் கை முழுதும் தெரிந்தது. தரகர் வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்தார். "நான் அப்பவே சொல்லல? இது கடிக்கிற சாதி. கயித்தக் குடுங்கண்ணே."

நான் கூட்டத்தைப் பிளந்துகொண்டு ஓடினேன். "இல்லப்பா! இப்பக் கடிக்கல! அது அன்னைக்கே கடிச்சது! எல்லாம் ஆறிருச்சு! அத்தைக்கு வலிக்கக்கூட இல்லப்பா!"

செவலைக்காக நான் வாதாடிய லட்சணம் இது.

அப்பா என்னைப் பார்த்தார். அத்தையைப் பார்த்தார். அவள் தரையைப் பார்த்தாள். அவர் அவள் கையை மெல்லப் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பினார். ஒரு தழும்பின் பக்கத்தில் கட்டைவிரலை வைத்துப் பார்த்தார். அடுத்ததைப் பார்த்தார். குதிரை கடித்தால் மேல்பல்லும் கீழ்ப்பல்லும் எதிரெதிரே பதியும், இரண்டு பிறையாக. அப்பாவின் தோளில் அப்படித்தான் இருக்கும். அத்தையின் கையில் இருந்ததெல்லாம் ஒற்றைப் பிறை. அது எனக்கும் தெரிந்தது. ஆனால் செவலைக்குக் கீழ்ப்பல் இல்லையோ என்றுதான் எனக்குத் தோன்றியது.

அப்பா தோளில் கிடந்த துண்டை எடுத்து அத்தையின் கையில் சுற்றினார்.

"இது குதிரை கடிச்சதில்ல" என்றார். அத்தைக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னாராம், பின்னாளில் அவள்தான் எனக்குச் சொன்னாள். தரகரிடம், "நீ போ தம்பி" என்றார்.

"பொதி ஏறலையேண்ணே?"

"ஏறாட்டிப் போகுது."

சேணத்தை அவிழ்த்துத் தன் தலையில் வைத்துக்கொண்டார். அத்தை கயிற்றைப் பிடிக்காமல் முன்னால் நடந்தாள். செவலை வெறும் முதுகோடு அவள் பின்னால் போனது. அதற்கும் பின்னால் அப்பா. "குதிரை நடக்குது, பொதி மனுஷன் மேல போகுது" என்று யாரோ சொல்ல, ஊரே சிரித்தது. அப்பா திரும்பிப் பார்க்கவில்லை.

கொஞ்ச நாளில் அத்தையின் புருஷன், ஆண்டிபட்டி மாமா, பைக்கில் வந்தார். அம்மா காப்பி கொடுத்தாள். அப்பா செவலைக்குத் தேய்த்துக்கொண்டிருந்தவர், நாரைக் கீழே வைக்கவில்லை.

"பொங்கலும் முடிஞ்சிருச்சு மச்சான். அவளக் கெளம்பச் சொல்லுங்க."

"அவ வரல மாப்ள."

"வரலன்னா? குதிரை மேய்க்கவா வச்சிருக்கீக?"

"ஆமா. செவலை அவ கைக்குத்தான் அடங்குது. அவ இல்லாட்டி எனக்குத் தொழில் இல்ல."

மாமா தம்ளரை வைத்துவிட்டு எழுந்தார். வீட்டுக்குள் பார்த்து அத்தையைப் பேர் சொல்லிக் கூப்பிட்டார். கூப்பிடும்போதே கை மேலே போனது. செவலை கயிறு விறைக்கப் பின்னால் போய் நின்றது. அப்பா நாரை வைத்துவிட்டு வாசற்படியில் வந்து நின்றார்.

"மாப்ள, எங்க வீட்ல யாரும் கை ஓங்குறதில்ல. குதிரை மெரளும். காப்பியக் குடிச்சிட்டுக் கெளம்புங்க."

மாமா காப்பியைக் குடிக்காமலே போனார். பிறகு பெரியவர்கள் பேசினார்கள், சாமியார் பேசினார், கடைசியில் ஒன்றும் நடக்கவில்லை. அத்தை எங்களோடு இருந்துவிட்டாள். எனக்கு ஒரே பெருமை. எங்கள் குதிரை விடமாட்டேன் என்கிறது, அதனால் எங்கள் அத்தை புருஷன் வீட்டுக்குப் போகவில்லை என்று பள்ளிக்கூடத்தில் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

செவலை ஈஸ்டருக்கு முந்தைய தபசு காலத்தில்தான் மூட்டைக்கு வந்தது. முதலில் காலிச் சாக்கு, அப்புறம் சருகு அடைத்த சாக்கு, அப்புறம் கால் மூட்டை அரிசி. ஈஸ்டருக்குப் பிறகு மலையேறியது, அத்தை முன்னால் நடக்க.

வருடங்கள் கழித்து என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். அப்பா மாப்பிள்ளையை வீட்டுக்குள் உட்காரக்கூட விடாமல் கொட்டகைக்கு அழைத்துப்போய், உள்ளங்கையில் கொள்ளை வைத்து, கிழவியாகிவிட்ட செவலைக்கு நீட்டச் சொன்னார். எனக்கு அவமானமாக இருந்தது. தேனியில் மளிகைக்கடை வைத்திருக்கிறவருக்குக் குதிரையைப் பற்றி என்ன தெரியும்? அவருக்கு நெற்றியெல்லாம் வியர்வை. செவலை வருவதாக இல்லை. அவர் அதட்டவும் இல்லை, கையை மடக்கவும் இல்லை. புதுச் சட்டையோடு கையை நீட்டியபடியே நின்றார், அதுவாக வந்து தின்னும்வரை. அப்பா உள்ளே வந்து, "காப்பியக் கொண்டுவாங்க" என்றார். வேறு ஒன்றும் விசாரிக்கவில்லை.

சாயங்காலம் அத்தையிடம் சண்டைக்குப் போனேன். "அப்பாவுக்குப் புத்தி கெட்டுப்போச்சா? குதிரைய வச்சா மாப்பிள்ள பாப்பாக?"

அத்தை ரவிக்கைக் கையைச் சுருட்டினாள். இத்தனை வருடங்களில் அவளாக அதைச் செய்தது அதுதான் முதல் தடவை. "செவலை கடிச்சதுன்னு சொன்னியே, ஞாபகம் இருக்கா? இது உங்க மாமா பெல்ட்டு. கொக்கி பட்ட எடம்."

நான் அந்தக் கையை எடுத்து என் மடியில் வைத்துக்கொண்டேன்.

பொங்கல் அன்று அப்பாவும் அத்தையும் குதிரையோடு போன பிறகு, நான் மட்டும் கோயிலுக்குள் திரும்பிப் போனதை அவளிடம் சொன்னேன். தரகர் நாளைக்குத் திரும்பி வந்துவிடுவார் என்ற பயத்தில் அந்தோணியாருக்கு முன்னால் நின்று நான் சண்டை போட்டிருக்கிறேன். ஒரே ஒரு செபம்தானே கேட்டேன், அந்தக் கை அப்பா கண்ணில் படக் கூடாது என்று, அதைக்கூட நீர் கேட்கவில்லையே என்று அழுதிருக்கிறேன். அந்தச் செபத்தைக் கேட்காமல் விட்டதுதான் அன்றைக்கு அவர் செய்த புதுமை என்று ஒன்பது வயதுப் பிள்ளைக்கு எப்படித் தெரியும்?

வாசிக்கிறவர்களுக்கு ஒரு வேண்டுதல். இதை உங்களுக்குத் தெரிந்தவர்களுக்குச் சொல்லுங்கள், அனுப்புங்கள். ஆனால் அந்தக் குதிரையை மண்டியிட வைக்காதீர்கள். அன்றைக்கே அதன் முதுகில் மூட்டையை ஏற்றாதீர்கள். அத்தையின் கையை மறைக்காதீர்கள், அவளே காட்டச் சொல்லிவிட்டாள். அந்தோணியாரையும் விட்டுவிடாதீர்கள், அவர் அங்கேதான் நின்றார். அப்பா சேணத்தைத் தன் தலையில் சுமந்துகொண்டு வீட்டுக்கு வந்ததை, ஊர் சிரித்ததோடு சேர்த்து, அப்படியே சொல்லுங்கள்.